சாயங்கால வெயிலும் நம் கண்ணும்: வண்டி ஓட்டும் விவசாயிக்கு எந்தக் கண்ணாடி?

தேவகோட்டைப் பக்கமிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருந்தார்: 'எனக்கு வயது 52. தூரப் பார்வைக்குப் பவர் கண்ணாடி போடுகிறேன். காய்கறி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு லோடு வண்டி ஓட்டுகிறேன். காலையில் போகும்போதும் சாயங்காலம் திரும்பும்போதும் வெயில் கண்ணைக் கூசி, ரோடே தெரிவதில்லை. பவரோடு சேர்ந்த, வெயிலுக்குத் தகுந்தாற்போல் தானே கறுக்கிற கூலிங் கிளாஸ் இருக்கிறதாமே? வாங்கலாமா?'

விதை, உரம், பூச்சி பற்றி எழுதுகிற ஆளிடம் கண்ணாடியைப் பற்றிக் கேட்கிறாரே என்று முதலில் சிரித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், வயலுக்கு அடுத்தபடியாக நம் விவசாயிகள் அதிக நேரம் இருப்பது வண்டியில்தான். டிராக்டர், பைக், லோடு ஆட்டோ, கார் என்று ஏதோ ஒன்று வீட்டுக்கு வீடு நிற்கிறது. அதோடு, இதே விஷயத்தில் நானும் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். அதனால் இந்த இதழில் அதையே எழுதுகிறேன்.

தை மாதத்தில் ஒரு சாயங்காலம்

சில வருடங்களுக்கு முன்பு, ஒரு தை மாதம். காரைக்குடியிலிருந்து குன்றக்குடி வழியாகத் திருப்பத்தூர் பக்கம் காரில் போய்க்கொண்டிருந்தேன். மணி ஐந்தே காலைத் தாண்டியிருந்தது. அந்த ரோடு மேற்கு நோக்கிப் போவது. சாயங்காலம் போனால் சூரியன் நேர் எதிரே நிற்கும். தை மாதம் என்றால் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களும் அந்தப் பக்கம் கூட்டம் கூட்டமாக நடப்பார்கள். சம்பா அறுவடையும் அப்போதுதான். களம் இல்லாத ஊர்களில் ரோட்டு ஓரத்திலேயே நெல்லைக் காயப் போட்டிருப்பார்கள்.

ஒரு வளைவு திரும்பியதும் ரோடு முழுவதும் வெள்ளித் தகடாக மினுங்கியது. எதிரே ஒன்றுமே தெரியவில்லை. ஏதோ தோன்றி பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்ற இடத்துக்கு நாலு முழம் முன்னால், பலகையால் நெல்லைத் தள்ளிக்கொண்டிருந்த ஓர் ஆத்தா நிமிர்ந்து பார்த்தார். "ஏப்பா, கண்ணு தெரியலையா உனக்கு?" என்று கேட்டார். திட்டவில்லை, நிஜமாகவே கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்றால், நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். இரண்டே நொடி கண் கூசினாலும் 28 மீட்டர் தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்ததற்குச் சமம். வயதாக ஆக, கூசிய கண் பழைய நிலைக்குத் திரும்ப இன்னும் அதிக நேரம் எடுக்கும்.

மறுவாரமே ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனேன். "வெயிலில் தானா கறுக்கும் சார். கார் ஓட்ட இதுதான் சரி" என்று சொல்லி, பவரோடு ஒன்று செய்து கொடுத்தார்கள். கடை வாசலில் நின்றபோது நன்றாகக் கறுத்தது. காரில் ஏறி உட்கார்ந்தால் வெள்ளையாகிவிட்டது! கண்ணாடி பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொண்டுபோய்ச் சண்டை பிடித்தேன். பழுதெல்லாம் இல்லை. அதன் தன்மையே அப்படித்தான் என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது. பணம் கொடுப்பதற்கு முன்பே உங்களுக்கு அது புரியட்டும்.

கூச்சம் இரண்டு வகை

ஒன்று, சூரியன் நேராகக் கண்ணில் அடிப்பது. இரண்டாவது, தார் ரோடு, கண்மாய்த் தண்ணீர், முன்னால் போகும் வண்டியின் கண்ணாடி, ஈரமான வயல் இவற்றில் பட்டுத் தெறித்து வருகிற மினுக்கம். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

முதல் வகைக்கு, வெளிச்சத்தின் அளவைக் குறைக்கிற கறுப்புக் கண்ணாடி வேண்டும். கூடவே காரில் இருக்கும் மறைப்புப் பலகை, தலையில் தொப்பி அல்லது முண்டாசு. இரண்டாவது வகைக்குத்தான் 'போலரைஸ்டு' கண்ணாடி.

ஆத்தங்குடி தரையில் ஒரு சோதனை

போலரைஸ்டு என்றால் என்ன? வெளிச்சம் ஓர் அலை. அது மேலும் கீழுமாகவும் ஆடும், இடமும் வலமுமாகவும் ஆடும், எல்லாத் திசையிலும் ஆடும். ஆனால் தட்டையான தரையிலோ தண்ணீரிலோ பட்டுச் சாய்வாகத் தெறிக்கும்போது, பெரும்பாலும் கிடைமட்டமாக ஆடுகிற பங்குதான் திரும்பி வருகிறது. நம் செட்டிநாட்டு வீட்டு ஜன்னலை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பிகள் நெட்டுக்குத்தாக நிற்கின்றன. ஒரு தாம்பாளத்தை நிமிர்த்திப் பிடித்தால் கம்பிக்கு நடுவில் நுழைந்துவிடும். படுக்கவைத்துப் பிடித்தால் நுழையாது. போலரைஸ்டு கண்ணாடியும் அப்படித்தான். கிடைமட்டமாக வரும் மினுக்கத்தைத் தடுத்து, மற்ற வெளிச்சத்தை விடுகிறது.

வீட்டில் ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். வாசல் வெளிச்சம் தரையில் பளபளக்கும் இடத்தைப் போலரைஸ்டு கண்ணாடி வழியாகச் சாய்வாகப் பாருங்கள். பளபளப்பு அடங்கி, கல்லின் பூ வேலைப்பாடு தெளிவாகத் தெரியும். கண்ணாடியைக் கையில் எடுத்து, கால்வட்டம் திருப்பிப் பாருங்கள். பளபளப்பு மறுபடி வந்துவிடும். சாதாரணக் கறுப்புக் கண்ணாடியில் எப்படித் திருப்பினாலும் இந்த வித்தியாசம் வராது.

திருச்சி திருவானைக்காவலில் 1888-ல் பிறந்த சர் சி.வி.ராமன் கையாண்டதும் இதே தத்துவம்தான். 1921-ல் இங்கிலாந்திலிருந்து 'நார்குண்டா' கப்பலில் திரும்பும்போது, வெளிச்சத்தை இப்படிப் பிரித்துக் காட்டும் நிக்கல் பட்டகம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தார். மேற்பரப்பின் மினுக்கம் அடங்கிய பிறகும் கடல் நீலமாகவே தெரிந்தது. வானத்தின் சாயல் தண்ணீரில் விழுவதால்தான் கடல் நீலம் என்று அதுவரை சொல்லி வந்தது போதாது என்று அவர் எழுதினார். அந்த வழியில் தொடர்ந்த ஆராய்ச்சிதான் 1930-ல் நோபல் பரிசு வரை கொண்டுபோனது. படிகத்துக்குப் பதிலாக மெல்லிய தகட்டிலேயே இந்தக் குணத்தைக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் எட்வின் லேண்ட். 'போலராய்டு' என்ற பெயர் அவரிடமிருந்து வந்ததுதான்.

நமக்குக் கண்ணாடி தேவைப்படுகிறது. பூச்சிகளுக்கு இது பிறவியிலேயே உண்டு. வானத்து வெளிச்சத்தில் உள்ள இந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் தேனீ திசை அறிகிறது என்று கார்ல் வான் ஃபிரிஷ் என்ற அறிஞர் கண்டுபிடித்தார். நிறுத்திவைத்த கார் மேல் தட்டான் வந்து வாலைத் தட்டித் தட்டிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். பெயின்ட் பளபளப்பிலிருந்து தெறிக்கும் வெளிச்சம் தண்ணீரிலிருந்து வருவது போலவே இருப்பதால், குளம் என்று நம்பி முட்டையிடப் பார்க்கிறது, பாவம்.

தூங்குமூஞ்சி மரம் போல ஒரு கண்ணாடி

அடுத்தது, வெயிலில் தானே கறுக்கும் 'போட்டோகுரோமிக்' கண்ணாடி. 1960-களில் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் இதைக் கண்ணாடியில் செய்தார்கள். உள்ளே மிக நுண்ணிய வெள்ளி உப்புத் துகள்கள் இருக்கும். புற ஊதாக் கதிர் பட்டால் வெள்ளி பிரிந்து கறுக்கும். நிழலுக்கு வந்தால் மறுபடி சேர்ந்து வெளுக்கும். இப்போது கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் லென்ஸ். அதில் வெள்ளிக்குப் பதில் ஒருவகைச் சாய மூலக்கூறுகள் இருக்கின்றன. தூங்குமூஞ்சி மரத்தின் இலை பகலில் விரிந்து இருட்டியதும் மூடிக்கொள்வது போல, இந்த மூலக்கூறுகள் புற ஊதாக் கதிர் பட்டால் விரிந்து நிறம் காட்டும். கதிர் நின்றதும் மூடிக்கொள்ளும்.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் புரியும்.

முதலாவது, கறுப்பதற்குப் புற ஊதாக் கதிர் வேண்டும். காரின் முன் கண்ணாடி இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. அது புற ஊதாக் கதிரை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும். என் கண்ணாடி காருக்குள் வெளுத்துப்போனது இதனால்தான்.

இரண்டாவது, சூடு அதிகமானால் மூலக்கூறுகள் சீக்கிரம் மூடிக்கொள்ளும். ஆகவே சித்திரை வெயிலில் சிவகங்கைச் சீமையில் கறுப்பதைவிட, குளிர்ந்த கொடைக்கானலில் இது நன்றாகக் கறுக்கும்.

மூன்றாவது, கறுப்பதற்கு ஒரு நிமிடம் போதும். வெளுக்கப் பல நிமிடம் ஆகும். வெயிலிலிருந்து புளியமரச் சாலைக்குள்ளோ, இருட்டான கிட்டங்கிக்குள்ளோ சட்டென்று நுழையும்போது கவனம் தேவை.

இரண்டும் சேர்ந்தது

இந்தக் குறையைத் தீர்க்கத்தான், கார் கண்ணாடிக்குப் பின்னாலும் வேலை செய்யும் லென்ஸ்கள் வந்தன. இவை புற ஊதாக் கதிரை மட்டும் நம்பாமல் சாதாரண வெளிச்சத்துக்கும் நிறம் மாறும். இவற்றில் போலரைஸ்டு தகடும் சேர்த்து, பவரும் போட்டுச் செய்வதுதான் நம் வாசகர் கேட்டது. 'டிரைவ்வேர்' என்ற பெயரில் வந்த லென்ஸ் இதற்கு உதாரணம். மேகமூட்டத்தில் பச்சை கலந்த மஞ்சளாகவும், காருக்குள் நல்ல வெளிச்சத்தில் செம்பு நிறமாகவும், வெளியே வெட்டவெளியில் அடர்ந்த செம்பழுப்பாகவும் மாறும்.

நல்ல பொருள்தான். ஆனால் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். இது எந்த நேரத்திலும் முழுக்க வெள்ளையாக ஆகாது. எப்போதும் கொஞ்சம் நிறம் இருக்கும். அதனால் இரவில் வண்டி ஓட்ட இது கூடவே கூடாது. விலையும் பல ஆயிரம் ரூபாய் வரும்.

யாருக்கு எது?

டிராக்டர் (கூண்டு இல்லாதது), சைக்கிள், வயல் வேலை: இங்கே முன் கண்ணாடி எதுவும் இல்லை. சாதாரணப் போட்டோகுரோமிக் பவர் கண்ணாடியே நன்றாகக் கறுக்கும். வயலுக்கும் வீட்டுக்கும் ஒரே கண்ணாடி போதும்.

பைக்: ஹெல்மெட் முகமூடியை இறக்கிவிட்டால் அதுவும் புற ஊதாக் கதிரைப் பெருமளவு தடுக்கும், கண்ணாடி குறைவாகவே கறுக்கும். முதலில் கீறல் விழுந்த முகமூடியை மாற்றுங்கள். பாதிக் கூச்சம் அதனால்தான்.

கார், லோடு வண்டி: சாதாரணப் போட்டோகுரோமிக் பயன்படாது. மூன்று வழி உண்டு. பவர் கண்ணாடி மேல் மாட்டிக்கொள்ளும் போலரைஸ்டு கிளிப், இது சில நூறு ரூபாயிலேயே கிடைக்கும். அடுத்தது, பவர் போட்ட நிலையான நிறமுள்ள போலரைஸ்டு கண்ணாடி. கடைசியாக, மேலே சொன்ன இரண்டும் சேர்ந்த லென்ஸ். நான் இப்போது வைத்திருப்பது கிளிப்தான். இருட்டியதும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறேன்.

கடையில் சோதிப்பது எப்படி?

* இரண்டு போலரைஸ்டு கண்ணாடிகளை ஒன்றன் முன் ஒன்றாகப் பிடித்து, ஒன்றைக் கால்வட்டம் திருப்புங்கள். சேரும் இடம் கறுத்துப்போனால் இரண்டும் அசல்.
* 'யுவி 400' பாதுகாப்பு உண்டா என்று கேளுங்கள். வெறும் கறுப்புச் சாயம் பூசிய கண்ணாடி ஆபத்து. இருட்டு என்று நினைத்துக் கண்மணி விரியும், புற ஊதாக் கதிர் இன்னும் தாராளமாக உள்ளே போகும்.
* கறுப்பின் அளவை 0 முதல் 4 வரை பிரித்திருக்கிறார்கள். பகலில் வண்டி ஓட்ட 2 அல்லது 3 சரி. 3-ஆம் வகை 8 முதல் 18 சதவீதம் வெளிச்சத்தை விடும். 4-ஆம் வகை வண்டி ஓட்டவே ஆகாது.
* சாம்பல் அல்லது பழுப்பு நிறம் எடுங்கள். நீலம், சிவப்பு வேண்டாம், சிக்னல் விளக்கின் நிறம் குழம்பும்.

வயலில் கவனிக்க வேண்டியது

வேளாண்மை அலுவலர் என்ற முறையில் இரண்டு வார்த்தை. நிறக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பயிரின் பச்சையத்தைக் கணிக்காதீர்கள். செம்பு நிற லென்ஸ் வழியாகப் பார்த்தால் இலையின் உண்மையான நிறம் தெரியாது. நெல்லில் இலை வண்ண அட்டை வைத்துப் பார்க்கும்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டு, உங்கள் உடல் நிழலில் இலையை வைத்து ஒப்பிடுங்கள். இல்லையென்றால் தேவையில்லாமல் யூரியா போடுவீர்கள்.

கூலிங் கிளாஸ் மருந்து அடிக்கும்போது போடும் பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது. ஓரமெல்லாம் திறந்திருக்கும். மருந்து அடிக்க முழுக்க மூடிய கண்ணாடிதான் வேண்டும்.

போலரைஸ்டு போட்டால் சோலார் பம்பு, புது வண்டி மீட்டர், பல செல்போன்கள் இவற்றின் திரை சில கோணங்களில் கறுத்துத் தெரியும். பழுது என்று பயப்பட வேண்டாம், தலையைக் கொஞ்சம் சாய்த்தால் தெரியும். இன்னொன்று, ரோட்டில் சிந்திய எண்ணெயும் ஈரமும் மினுங்குவதை வைத்துத்தான் பைக் ஓட்டுபவர்கள் ஒதுங்குவார்கள். போலரைஸ்டு அந்த மினுக்கத்தையும் குறைத்துவிடும். மழைக்குப் பிறகு வேகத்தைக் குறையுங்கள்.

வாங்குவதற்கு முன்னால்

எனக்குத் தெரிந்த டிராக்டர் ஓட்டுநர் ஒருவர், அறுபதை நெருங்குபவர். "சார், இப்பல்லாம் வெயிலே ஜாஸ்தியாப் போச்சு, எதிர் வண்டி லைட்டப் பாத்தாச் சுத்தி வட்டம் வட்டமாத் தெரியுது" என்றார். கடைத்தெருவில் கூலிங் கிளாஸ் ஒன்று வாங்கினார். அது போதவில்லை என்று அதைவிடக் கறுப்பாக இன்னொன்று வாங்கினார். "அண்ணே, கண்ணாடி இருக்கட்டும், கண்ணைக் காட்டுவோம்" என்று நான் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு கண்ணிலும் புரை. வெயில் ஜாஸ்தியாகவில்லை, கண்ணில் இருந்த லென்ஸ் மங்கியிருந்தது. அதன் மேல் கறுப்புக் கண்ணாடி போட்டுப் பார்வையை இன்னும் குறைத்துக்கொண்டு, கலப்பையோடு ரோட்டில் போய் வந்துகொண்டிருந்தார். ஒரு கண்ணுக்கு அறுவை சிகிச்சை முடிந்த பிறகு வந்து சொன்னார்: "சார், வரப்பு மேல நிக்கிற கொக்கு தெரியுது."

ஆகவே, நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குக் கூச்சம் புதிதாக வந்தாலோ, கூடிக்கொண்டே போனாலோ, முதலில் போக வேண்டியது கண் மருத்துவரிடம். அரசு மருத்துவமனைகளில் கண் பரிசோதனை உண்டு. தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தில் புரை அறுவை சிகிச்சை இலவசமாகவே செய்கிறார்கள். அதே 1976-ஆம் ஆண்டில் டாக்டர் ஜி.வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இன்று கிராமங்களில் பார்வை மையங்கள் வைத்திருக்கிறது. வெயிலில் வேலை செய்கிறவர்களுக்குக் கண்ணின் வெள்ளையில் சதை வளர்வதும் சகஜம். அதையும் காட்டிவிடுங்கள்.

வாசகர்கள் கேட்ட மற்றவை

*இரவில் ஓட்ட மஞ்சள் கண்ணாடி நல்லதா?*
எதிர் வண்டியின் விளக்கு கூசாது என்று விற்கிறார்கள். அமெரிக்காவில் 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், அதைப் போட்டுக்கொண்டு ரோட்டில் நடப்பவரைக் கண்டுபிடிப்பதில் எந்த நன்மையும் தெரியவில்லை. இரவில் நிறமில்லாத, சரியான பவர் உள்ள, எதிரொளி தடுக்கும் பூச்சு கொண்ட கண்ணாடி போதும்.

*காரின் கண்ணாடியிலேயே கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால்?*
உச்ச நீதிமன்றம் 2012-ல் கறுப்புப் படலம் ஒட்டுவதற்குத் தடை விதித்தது. முன், பின் கண்ணாடிகள் 70 சதவீதமும், பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் வெளிச்சத்தை விட வேண்டும் என்பது விதி. ராத்திரியில் அதைக் கழற்றி வைக்கவும் முடியாது.

*செலவே இல்லாமல் ஏதாவது வழி உண்டா?*
உண்டு. முன் கண்ணாடியை உள்பக்கமும் துடையுங்கள். செம்மண் தூசிப் படலம் வெயில் பட்டால் திரை போட்டது மாதிரி ஆகிவிடும். டேஷ்போர்டு மேல் வெள்ளைத் துண்டு, காகிதம் வைக்காதீர்கள், அதன் சாயல் கண்ணாடியில் விழும். தேய்ந்த வைப்பரை மாற்றுங்கள். முடிந்தால் சூரியன் எதிரே நிற்கிற அந்த அரை மணி நேரத்தைத் தவிர்த்துக் கிளம்புங்கள்.

தேவகோட்டை வாசகருக்கு என் பதில் இதுதான்: முதலில் கண்ணைச் சோதியுங்கள். பவர் சரியாக இருந்து, புரையும் இல்லை என்றால், ஒரு போலரைஸ்டு கிளிப் வாங்கி ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். வசதி இருந்தால் பிறகு விலை கூடியதைப் பார்க்கலாம். இரவு ஓட்டத்துக்கு வெள்ளைக் கண்ணாடி ஒன்று எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

அந்த ரோட்டில் நான் இப்போதும் போகிறேன். தை மாதச் சாயங்காலம் என்றால், கிளிப் போட்டிருந்தாலும் அந்த வளைவுக்கு முன்பே கால் தானாக பிரேக்குக்குப் போய்விடும். கண்ணாடி கொஞ்சம் உதவும். மிச்சத்தை நம் காலும் நிதானமும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.